புடவைக்கடைப் பை

நல்லூரில் கொடியேறிவிட்டது. வாகனங்களை மறித்து மணல் பரப்பிய வீதியில் அங்கப்பிரதட்டைக்காரர் உருண்டு போகிறார்கள். தண்ணீர்ப் பந்தலோரம் ஒரு முதியவர் குந்தியிருக்கிறார். எழுபது இருக்கும். ஒரு வசனம் பேச இரண்டு தரம் மூச்சு வாங்குகிறது. மடியில் புடவைக்கடைப் பை. உள்ளே ஸ்கான் படங்கள்.

மகள் அவற்றைத் திகதிப்படி அடுக்குகிறாள். முதல் எக்ஸ்ரே தை மாதம். சதை எடுத்துப் பார்த்தது ஆனியில்.

"முதலிலை கசம் எண்டுதானே மருந்து தந்தவை" என்கிறார் அப்பா.

நெஞ்சுப் படத்தில் நிழல் விழுந்தால் காசநோய்ச் சந்தேகம் வருவது இந்தப் பக்கத்து நாடுகளில் வழமை. தையிலிருந்து ஆனிவரை: நுரையீரல் புற்று பரவ அந்த இடைவெளி போதும்.

தெரிந்தவர் ஒருவர் வந்து நிற்கிறார். "என்ன அண்ணை, சுருட்டுக் கொட்டிலிலை பேப்பர் வாசிச்ச குரல் எங்கை?" முதியவர் சிரிக்கிறார். மகள்தான் பதில் சொல்கிறாள்: "செவ்வாய்க்கிழமை தெல்லிப்பளைக்கு வரச் சொன்னவை, மாமா."

வைத்தியர்களின் வழிகாட்டியில் வரிசை தெளிவு: எந்த வகைப் புற்று, எவ்வளவு பரவியிருக்கிறது, மரபணு மாற்றம் உண்டா என்று பார்த்து, பல துறையினரும் கூடிப் பேசிய பிறகே சிகிச்சை. மரபணு மாற்றம் இருந்தால் கீமோவுக்குப் பதில் மாத்திரையே போதுமாகலாம். எர்லோட்டினிப் போன்ற மாத்திரைகளை உலக சுகாதார நிறுவனம் 2019இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஒவ்வொரு சோதனையும் வழிகாட்டியில் ஒரு வரி. மகளின் கிளினிக் கொப்பியில் அது ஒரு திகதி, ஒரு பஸ், போய்விட்ட ஒருநாள் சம்பளம்.

தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை இருப்பதே பெரிய காரியம். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்தவர்கள் திரட்டிய பணத்தில் எழுந்தது. இல்லையேல் கொழும்பருகே மஹரகமைக்கு ஓட வேண்டும், சுமார் 400 கிலோமீற்றர்.

வந்தவர் குரலைத் தாழ்த்துகிறார், ஆனால் எல்லாருக்கும் கேட்கிறது. "வயசு போன மனிசனை ஏன் பிள்ளை அலைக்கழிக்கிறாய்? பேசாமல் வீட்டிலை வச்சிரு."

மகள் படங்களைப் பைக்குள் வைக்கிறாள். பதில் இல்லை.

இந்தப் பேச்சு யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 2010 முதல் 2014 வரை நுரையீரல் புற்று கண்டறியப்பட்டவர்களை ஆராய்ந்தபோது, வழிகாட்டிப்படி சிகிச்சை பெற்றவர்கள் 62 சதவீதம்தான். ஐந்தில் ஒருவருக்கு எந்தச் சிகிச்சையும் இல்லை. வயது ஏற ஏற வாய்ப்பும் குறைந்தது. இயந்திரமும் பணமும் நிறைந்த நாட்டிலேயே அப்படி. சிகிச்சை வேண்டாம் என்று நோயாளி தெரிந்து சொன்னால் அது அவர் உரிமை. பந்தலடியில் நிற்பவர் சொல்வது வேறு.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு பை இருந்தால், அடுத்த கிளினிக்கில் வாய் திறந்து கேளுங்கள்: எந்த வகைப் புற்று என்று தெரிந்துவிட்டதா, மரபணுச் சோதனைக்கு அனுப்பியாயிற்றா?