மிக்-21க்குக் கீழே என்ன தொங்குது?

டெல்லிக்கு ஐ.வி. போறீங்களா? செங்கோட்டை, குதுப்மினார், பாலிகா பஜாரில் பேரம், அப்புறம் பஸ் ஏறி மணாலி... இதுதானே பிளான்? இண்டஸ்ட்ரியைத் தவிர மத்த எல்லாத்தையும் விசிட் பண்ற அந்த டூரில், அரை நாளை மட்டும் திருடி வச்சுக்குங்க. நாம பாலம் போகணும். (ஆத்துப் பாலம் இல்லைங்க... டெல்லி விமான நிலையம் இருக்கிற ஏரியாவோட பேரு!)

இந்திய விமானப்படையின் அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. 1967ல் தொடங்கியது. வெட்டவெளியில் பெரிய விமானங்கள், ஹேங்கர் என்கிற பெரிய கொட்டகைக்குள்ளே மற்றவை. நீங்கள் உள்ளே நின்று பழைய விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வெளியே வானத்தில் பயணிகள் விமானம் உறுமிக்கொண்டு போகும்.

யாருக்கு இந்த டிரிப்? கிளாஸுக்கு ஒருத்தர் இருப்பாரே, ஹாஸ்டல் ரூமில் பசை வாசனையோடு உட்கார்ந்து பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி ஒட்டிக் குட்டி விமானம் செய்கிற ஆசாமி... அவருக்கு. அது நீங்களேன்னா ரொம்ப நல்லது. 72ல் ஒரு பங்கு அளவில் மிக்-21 செய்தால், இந்த இறக்கை முனைக்கும் அந்த முனைக்கும் பத்து சென்டிமீட்டர்தான். உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும். ஆனால் அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், நிஜ விமானத்தில் ஏழு சென்டிமீட்டர் பிசகின மாதிரி!

ஒட்டுறது ஈஸி. தலைவலி அதுக்கப்புறம்தான். பெட்டிக்குள் ஏவுகணை, ராக்கெட், குண்டு, எரிபொருள் டேங்க் என்று ஒரு குட்டி ஆயுதக் கிடங்கே இருக்கும். கூடவே, தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டீகால் ஷீட்டில் இரண்டு மூன்று நாட்டுச் சின்னங்கள். கை துறுதுறுன்னு வருமா, இல்லையா? கல்யாண மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுற மாதிரி, கிடைச்ச இடத்திலெல்லாம் எதையாவது மாட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். பார்க்க செம கெத்தாக இருக்கும். ஆனால் அப்படி ஒரு விமானம் எந்தக் காலத்திலும் பறந்திருக்காது.

சரி, ஹேங்கருக்குள்ளே வாங்க. வாபிட்டி என்கிற பழைய இரட்டை இறக்கை விமானத்தைப் பாருங்கள். 1933 ஏப்ரலில் கராச்சியில் நாலே நாலு வாபிட்டியோடுதான் நம்ம விமானப்படை பறக்க ஆரம்பித்தது. அப்புறம் ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர், வாம்பயர், நேட், ஹன்டர்... ஒவ்வொன்றிடமும் நின்று பேச எனக்கும் ஆசைதான். ஆனால் நமக்கு இன்றைக்கு ஆள் வேற. மிக்-21!

1963ல் சண்டிகரில் 28வது ஸ்குவாட்ரனோடு வந்து இறங்கி, 2025 செப்டம்பர் 26 அன்று அதே சண்டிகரில் ஓய்வுபெற்ற விமானம் இது. 62 வருஷ சர்வீஸ்! இனி இதைப் பார்க்கணும்னா அருங்காட்சியகம், இல்லாட்டி ஏதாவது கல்லூரி வாசலில் மேடை போட்டு நிறுத்தியிருப்பது, அவ்வளவுதான். அதனாலேயே இப்போது போய் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த 62 வருஷத்தில் மிக்-21 என்ற ஒரே பெயரில் பல வகை விமானங்கள் வந்து போயின. 1971 போரில் பெயர் வாங்கியது 'எஃப்.எல்.' என்ற வகை. ஹெச்.ஏ.எல். நாசிக்கில் நாமே தயாரித்தது. கடையில் நீங்கள் வாங்கும் பெட்டியில் பெரும்பாலும் இருப்பது அதற்குப் பிந்தைய வகை. வித்தியாசம் தெரியணுமா? இறக்கைக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஆயுதம் மாட்டுகிற தாங்கி, பைலான் என்பார்கள், எஃப்.எல்.லில் பக்கத்துக்கு ஒன்றுதான். பிந்தைய எம்.எஃப். வகையில் பக்கத்துக்கு இரண்டு. எஃப்.எல்.லில் விமானி உட்காரும் இடத்துக் கண்ணாடிக் கூண்டு முன்பக்கமாகத் தூக்கித் திறக்கும். பிந்தையதில் பக்கவாட்டில் திறக்கும். இதெல்லாம் ஆயிரம் போட்டோ பார்த்தாலும் மண்டையில் ஏறாது. குனிந்து ஒரு தடவை பார்த்தால் மறக்காது. நோட்டில் ஒரு கிறுக்கல் படம் போட்டுக்கொள்ளுங்கள். காமிராவுக்கு எங்கே அனுமதி, எங்கே இல்லை என்று வாசலிலேயே கேட்டுவிடுவது நல்லது. விமானப்படை இடம், வம்பு வேண்டாம்.

இப்போ முக்கியமான கேள்வி. அந்தப் பைலான்களில் எதை மாட்டுவது?

என்னைக் கேட்டால், முதலில் விமானத்தைத் தேர்ந்தெடுக்காதீங்க, ஒரு தேதியைத் தேர்ந்தெடுங்க. தேதி கிடைச்சா ஆயுதம் தானா வந்துடும். எப்படின்னு பாருங்க.

1965 செப்டம்பர் 4. பதான்கோட் பக்கம் 28வது ஸ்குவாட்ரனின் விங் கமாண்டர் வூலன், பாகிஸ்தானின் சேபர் விமானம் ஒன்றைத் துரத்துகிறார். இரண்டு இறக்கையிலும் கே-13 ஏவுகணை. இரண்டையும் ஏவுகிறார். இரண்டும் குறி தவறுகின்றன. சேபர் கண்ணெதிரே இருக்கிறது. சுட அவர் விமானத்தில் பீரங்கியே கிடையாது! இனிமேல் ஏவுகணை போதும், பீரங்கி எதுக்கு என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்த நாளைச் செய்கிறீர்களா? இரண்டே இரண்டு கே-13, அவ்வளவுதான்.

(கே-13 பற்றி ஒரு குட்டிக் கதை. 1958ல் தைவான் ஜலசந்தியில் நடந்த சண்டையில், அமெரிக்காவின் சைட்விண்டர் ஏவுகணை ஒன்று சீன மிக்-17 மேல் வெடிக்காமல் குத்தி நின்றுவிட்டது. விமானம் அதோடு வீடு திரும்பிவிட்டது! அதைப் பிரித்துப் பார்த்து சோவியத் யூனியன் செய்த ஜெராக்ஸ்தான் கே-13. அதனால் உங்களிடம் சேபர் பெட்டியில் மிஞ்சின சைட்விண்டர் இருந்தால் தூக்கிப் போடாதீங்க. மிக்-21க்கு உதவும்.)

அடுத்தது 1971 டிசம்பர் 12. ஜாம்நகர். இதற்குள் எஃப்.எல்.லுக்கு வைத்தியம் பார்த்தாகிவிட்டது. ஜி.பி.-9 என்று ஒரு பெட்டி. உள்ளே 23 மில்லிமீட்டர் இரட்டைக்குழல் பீரங்கி. வயிற்றுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் கூடுதல் எரிபொருள் டேங்க் மாட்டுகிற இடமும் அதே நடுவயிறுதான்! எஃப்.எல்.லில் இறக்கைக்கு அடியில் டேங்க் மாட்ட வழியில்லை. ஆக, பீரங்கி வேணும்னா தூரத்தை விட்டுக்கொடுக்கணும், தூரம் வேணும்னா பீரங்கியை விட்டுக்கொடுக்கணும். உங்கள் மாடலில் நடுவில் பீரங்கிப் பெட்டியை ஒட்டினால், 'பக்கத்திலேயே காத்திருந்து சண்டை போடப் போகிறேன்' என்று அந்த விமானம் சொல்கிறது. டேங்கை ஒட்டினால், 'தூரமாகப் போகிறேன்' என்கிறது.

அன்று 47வது ஸ்குவாட்ரனின் ஃபிளைட் லெப்டினன்ட் சோனி, எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் ஒன்றைக் கட்ச் வளைகுடாவுக்கு மேலே விரட்டினார். ஏவுகணை தவறியது. இந்த முறை வயிற்றில் பீரங்கி இருந்தது. ஸ்டார்ஃபைட்டர் விழுந்தது. ஓட்டி வந்தவர் விங் கமாண்டர் மெர்வின் மிடில்கோட், பாகிஸ்தானின் அனுபவசாலி விமானிகளில் ஒருவர். பாராசூட்டில் கடலில் இறங்கிய அவர் கிடைக்கவே இல்லை.

கவனிச்சீங்களா? 1965ல் வூலனிடம் இல்லாமல் போன பொருள்தான் 1971ல் ஒருத்தரின் முடிவைத் தீர்மானித்தது. மாடலில் அது ஒரு நகத்துண்டு அளவு பிளாஸ்டிக். அதை ஒட்டுவதா வேண்டாமா என்று யோசிக்கிறபோது, நீங்கள் அழகுக்காக யோசிக்கவில்லை. அதுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள்.

சரியாக இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 14. டாக்காவில் கவர்னர் மாளிகையில் கூட்டம் நடக்கப்போகிறது என்று தகவல். விங் கமாண்டர் பிஷ்ணோய் தலைமையில் 28வது ஸ்குவாட்ரனின் நாலு மிக்-21கள் குவஹாத்தியிலிருந்து கிளம்பின. கட்டடத்தைக் கண்டுபிடிக்க அவர்கள் கையில் இருந்தது, சுற்றுலாப் பயணிகள் வைத்திருக்கும் டாக்கா மேப்! ஒவ்வொரு இறக்கைக்கு அடியிலும் 16 ராக்கெட் கொண்ட ஒரு குழல் பெட்டி, ராக்கெட் ஒவ்வொன்றும் 57 மில்லிமீட்டர். விமானத்துக்கு 32. மாளிகைக் கூரையைத் துளைத்துக்கொண்டு போயின. கவர்னர் மாலிக் அன்றைக்கே ராஜினாமா கடிதம் எழுதினார். இந்த நாளைச் செய்பவர், இறக்கையில் கே-13 மாட்டினால் கதையே மாறிவிடும்.

ஒரே வகை விமானம், ஒரே போர், இரண்டே நாள் இடைவெளி. கீழே தொங்குவது முழுக்க வேற. எல்லாத்தையும் சேர்த்து மாட்டுகிற மாப்பிள்ளை மாடலுக்கு இதில் எந்த நாளும் கிடையாது.

பெயின்ட் விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் அருங்காட்சியகம் உங்களைக் கொஞ்சம் ஏமாற்றும். அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. வெயில், மழை, டெல்லிப் புகை எல்லாம் தாங்கி வருஷக்கணக்கில் நிற்கிற எந்த விமானத்துக்கும் திரும்பத் திரும்ப பெயின்ட் அடித்தாக வேண்டும். அடிக்கிறவர் 1971 நிறத்தைப் பார்த்து அடிக்க மாட்டார், டப்பாவில் இருப்பதை அடிப்பார். அதனால் உருவத்துக்கு அருங்காட்சியகத்தை நம்புங்க. நிறத்துக்கும் எண்ணுக்கும் அந்தக் காலத்து போட்டோவை நம்புங்க. அதிலும் தேதி போட்ட போட்டோ கிடைத்தால் அதிர்ஷ்டம். எஃப்.எல்.கள் முதலில் பளபள வெள்ளி நிறத்தில் பறந்தவை. 1971ல் அவசர அவசரமாகப் பச்சையும் பழுப்பும் பூசினார்கள். ஒரே மாதிரி பூசவும் இல்லை. அந்தந்த இடத்தில் அவரவர் கைவண்ணம். ஆக, 'எஃப்.எல். என்ன கலர்?' என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த எண், எந்த மாதம் என்று கேட்கணும். மிக்-21 என்றால் வால்பக்க எண் 'சி'யில் ஆரம்பிக்கும், ஹன்டருக்கு 'பிஏ', கான்பெராவுக்கு 'ஐஎஃப்', நம்ம மாருத்துக்கு 'பிடி'. எண்ணை வைத்தே தேடலாம். ஜகன்மோகனும் சமீர் சோப்ராவும் சேர்ந்து எழுதிய 'ஈகிள்ஸ் ஓவர் பங்களாதேஷ்' புத்தகம் லைப்ரரியில் கிடைத்தால் விடாதீங்க. டாக்கா வானத்தில் எந்த நாள் யார் பறந்தார்கள் என்று அதில் பிடித்துவிடலாம்.

சின்னத்திலும் சரித்திரம் இருக்கிறது. இன்றைய வட்டச் சின்னத்தில் வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. ஆனால் இரண்டாம் உலகப்போரில் பர்மா பக்கம் பறந்தவற்றில் பார்த்தால், வெறும் இரண்டு நீலம்தான் இருக்கும். பிரிட்டிஷ் சின்னத்தின் நடுவில் இருந்த சிவப்பை அழித்துவிட்டார்கள். ஏன்? ஜப்பான் விமானத்தில் இருந்தது சிவப்பு வட்டம். தூரத்தில் பார்த்து நம்ம ஆளே நம்ம ஆளைச் சுட்டுவிடக் கூடாதே!

கிளம்பும் முன் இன்னும் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். 1971 போரில் ஏவுகணை அடி வாங்கியும் திரும்பி வந்து சேர்ந்த சுகோய்-7 ஒன்றின் பின்பகுதி அங்கே இருக்கிறது. தகடு கிழிந்து, பிதுங்கி, கோரமாக. அதுக்கு யாரும் புது பெயின்ட் அடித்து அழகுபடுத்தவில்லை. மாடலில் சேதம் காட்ட ஆசைப்படுகிறவர்கள் தீக்குச்சியால் கறுப்பு தடவிவிட்டு முடித்துவிடுவார்கள். நிஜமாக உலோகம் எப்படிக் கிழியும், எந்தப் பக்கமாக மடங்கும் என்று இதன் முன்னால் பத்து நிமிஷம் நின்று பாருங்கள்.

வால் துடுப்பில் காவி, வெள்ளை, பச்சை என்று மூன்று பட்டை இருக்கும். மூக்கு இருக்கிற பக்கம் பார்த்து நிற்பது காவியா, பச்சையா? இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரியா? நான் சொல்ல மாட்டேன். விமானத்தை ஒரு சுற்று சுற்றி வந்து நோட்டில் குறிச்சுக்குங்க, டீகாலைத் தண்ணீரில் போடுவது அப்புறம்.

டூர் லீடரிடம் இப்பவே சொல்லி வைங்க: வழக்கமாகத் திங்களும் செவ்வாயும் லீவு. புதன்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் நின்றால், மத்தியானம் மணாலி பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.