செங்கல் சுழலில் ஒரு காபி

இங்கிலாந்துக் கிராமத்தார் மாலையில் கூடும் 'பப்', 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம், பொதுவீடு. மது வாடை இல்லாத ஒரு பொதுவீட்டைத் திருவனந்தபுரத்துக்குக் கட்டித் தந்தவர், பர்மிங்ஹாமில் பிறந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் (1917-2007).

தம்பானூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, பஸ் நிலையத்தின் அருகே சுருண்டு எழுகிறது அந்த இந்தியன் காபி ஹவுஸ். உள்ளே மாடிப்படி கிடையாது. தரையே சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலேறுகிறது. மேஜையும் இருக்கையும் சுவரோரம் கட்டப்பட்டவை. செங்கல் இடைவெளிகள் வழியே காற்றும் வெளிச்சமும் வருகின்றன.

விசிறித் தலைப்பாகை அணிந்தவர் பீட்ரூட் கலந்த மசால் தோசையைக் கொண்டுவந்து வைக்கிறார். வெறும் சர்வர் என்று நினைத்துவிடாதீர்கள். 1950களில் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடியபோது வேலையிழந்தவர்கள், கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் முயற்சியால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தார்கள். கேரளத்தில் அவர்களது முதல் காபி ஹவுஸ் 1958ல் திருச்சூரில் திறக்கப்பட்டது. வேலையை விட்டு அனுப்பப்பட்டவர்கள் முதலாளிகளானார்கள்.

பேக்கரின் சரிவில் மேல்தளம், கீழ்தளம் என்று பிரிக்க முடியாது. மூட்டையோடு வந்த பயணியும் கோப்போடு வந்த வக்கீலும் அடுத்தடுத்த மேஜையில், ஒரே விலைக்கு ஒரே காபியைக் குடிக்கிறார்கள்.