பேழையின் முன் ஆடியோர்

ஒயிலாட்டம் வரிசையாய் நின்று ஆடும் ஆட்டம். கையில் வண்ணக் கைக்குட்டை, காலில் சலங்கை. தாளம் எழுந்ததும் நிற்போர் அனைவரும் ஒரே அடியை ஒரே கணத்தில் எடுத்து வைத்தாக வேண்டும். எத்துணை வல்லவனாயினும் பக்கத்தில் நிற்பவனை விட்டு முந்தினால் வரிசை கலைந்துபோகும். நெடுங்காலம் ஆடவரே ஆடிவந்த இவ்வாட்டத்தை இன்று பெண்களும் ஆடுகின்றனர். எங்கள் பங்கின் குழுவில் பன்னிருவர். அவருள் ஐவர் பெண் பிள்ளைகள்.

கடந்த தை மாதத்தில் நாட்டுப்புற ஆட்டக் குழுக்கள் நான்கு, ஒரு சிற்றூர்ப் பங்கில் சனி, ஞாயிறு இரு நாள்களும் கூடி மகிழ்வதென ஏற்பாடாயிற்று. போட்டியில்லை, பரிசில்லை, ஆடுவதும் கற்பதும் உண்பதுமே நிகழ்ச்சி. பிள்ளைகள் துள்ளிக் குதித்தனர். பெற்றோரோ ஒரே கேள்வியைத்தான் கேட்டனர்: "சாமி, அங்க யாரு வீட்ல சாப்பாடு?" அது தலித் மக்களான கூலித் தொழிலாளரின் ஊர். கேள்வியின் பொருள் எல்லாருக்கும் விளங்கியது. ஞாயிறுதோறும் ஒரே அப்பத்தில் பங்குகொள்வோர் கேட்ட கேள்வி அது. புறப்பட்ட அன்று பன்னிருவருள் ஒன்பதின்மரே வேனில் ஏறினர்.

நாங்கள் சென்று இறங்கியபோதே அங்கு ஆட்டம் தொடங்கியிருந்தது. குமரிக் கடற்கரையிலிருந்து வந்த களியல் குழுவினர் குத்துவிளக்கைச் சுற்றி வட்டமாய்க் கோலடித்து ஆடினர். கும்மியடித்த அன்னையரும் குறை வைக்கவில்லை. ஆயினும் எங்கள் பிள்ளைகளைக் கட்டிப்போட்டது அவ்வூராரின் பறையே. வைக்கோலை மூட்டி, தீயருகே தோலைக் காட்டிக் காய்ச்சுகின்றனர். பனியில் தளர்ந்த தோல் சூடேற ஏற விறைத்து, தட்டினால் கணீரென ஒலிக்கிறது. இடக்கையில் நீண்ட மெல்லிய மூங்கிற்குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. தோளில் மாட்டிய பறையோடே ஆடவும் வேண்டும். எங்கள் பையன் ஒருவன் அரைமணி நேரம் முயன்றும் ஓர் அடிகூடச் சரியாக விழவில்லை.

தொல்காப்பியம் நிலங்களுக்குரிய கருப்பொருள்களுள் பறையையும் வைத்து எண்ணுகிறது. அத்துணைப் பழமை வாய்ந்த கருவியைச் சாவுக்கு உரியதென ஒதுக்கி, அதை அடிப்பவரையும் சேர்த்து ஒதுக்கியது பின்வந்தோர் செய்த கொடுமை. 2025-இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தெருக்கள் எவ்வளவு மாறின என்பது வேறு கதை.

அன்றிரவு நெருப்பருகே அமர்ந்திருந்த பறையடிக்கும் பெரியவர் எங்கள் பிள்ளைகளிடம் மெல்லச் சொன்னார்: "பக்கத்து ஊர்ல எந்தச் சாவுன்னாலும் எங்கப்பாதான் அடிப்பாரு, தம்பி. மழைன்னும் பாக்கமாட்டாரு. அவரு செத்தப்ப அங்கருந்து ஒருத்தரும் வரல." அவர் குரலில் கசப்பில்லை; அதுவே எங்களை அதிகம் வருத்தியது. அந்தப் பக்கத்து ஊரும் கத்தோலிக்க ஊர்தான்.

ஆண்டவரின் பேழைக்கு முன் தாவீது முழு வலிமையோடு ஆடியதையும், பலகணி வழியே பார்த்த மீக்கால் அவரை உள்ளத்தில் இகழ்ந்ததையும் சாமுவேல் இரண்டாம் நூல் ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவளை உறுத்தியது ஆட்டமன்று. பணிப்பெண்களின் கண்முன் அரசர் ஆடியதே. மேல் கீழ் கலைந்துபோயிற்றே என்பதுதான் அவளது வருத்தம். தாவீதோ அந்தப் பணிப்பெண்களிடமே தாம் பெருமை அடையப்போவதாகப் பதில் கூறினார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, மக்களின் சொந்த இசை மரபுகளுக்கு உரிய மதிப்பளிக்கப் பணித்தது. பண்பாட்டுமயமாதல் பற்றி உரோமை 1994-இல் வெளியிட்ட ஏடு, கைதட்டலும் ஆடலும் இயல்பாய் அமைந்த மக்களிடையே அவை வழிபாட்டில் இடம்பெறலாம், ஆனால் வெறும் காட்சியாக அன்றி மெய்யான பொதுச் செபமாக அமைய வேண்டும் என்றது. அந்நாளில் குருமடத்தில் இருந்த நாங்கள் அதைத் தேர்வுக்காகப் படித்தோம். சாதி பற்றியும் ஏடுகளுக்குக் குறைவில்லை. 2003 நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தமிழக ஆயர்களிடம், தலித் மக்கள்பால் தனிக்கவனம் வேண்டும் என்றார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை அம்மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆயரில்லம் வரை வந்த ஏடுகள் தெருமுனையைத் தாண்ட ஏனோ தயங்குகின்றன.

ஞாயிறு திருப்பலியில் காணிக்கைப் பவனி பறையோடு வந்தது. எங்கள் வரிசையில் விடுபட்ட மூன்று இடங்களில் அவ்வூர் இளைஞர் மூவர் நின்று ஆடினர். முதல்நாள் மாலையில் கற்ற அடிகள்தாம். ஆயினும் வரிசை கலையவில்லை. பீடத்தருகே நின்ற எங்களுக்கு எவர் எந்த ஊரார் எனப் பிரித்தறியக் கூடவில்லை. நண்பகலில் பிள்ளைகள் இருவர் மூவராக வீடுகளுக்கு உண்ணச் சென்றனர். பெண் பிள்ளை ஒருத்தி, தன்னை உபசரித்த பாட்டி வைத்த கருவாட்டுக் குழம்பைப் பற்றி ஊர் வந்து சேரும் வரை பேசிக்கொண்டே வந்தாள்.

எங்கள் பங்குத் திருவிழாத் திருப்பலியில் பறை முழங்க வேண்டும், அம்மூவரும் எங்களோடு ஆட வேண்டும் எனப் பிள்ளைகள் பங்குப்பேரவைக்கு எழுதிக் கொடுத்துள்ளனர். முதல் கூட்டத்தில் நேரமில்லை எனப்பட்டது. இரண்டாம் கூட்டத்தில் "சாவு மேளம் கோயிலுக்குள்ளா?" என்றார் ஒருவர். மூன்றாம் கூட்டம் வரும் ஞாயிறு மாலை. வேனில் ஏறாமல் நின்றுவிட்ட மூவருள் ஒருவனுடைய தந்தை பேரவை உறுப்பினர். அவர் இதுவரை ஒன்றும் பேசவில்லை. மகனோ பத்து நாள்களாக ஒத்திகைக்கு வந்துகொண்டிருக்கிறான்.