தெள்ளு

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு எங்கள் வீட்டுப் பூனைக்குச் சொறி தொடங்கிற்று. பின்முதுகிலும் வாலடியிலும் மயிர் கொட்டி, சிறு சிறு பொருக்குகள். இரவில் அது நக்குகிற சத்தத்திலேயே எனக்கு விழிப்பு வந்துவிடும்.

உம்மா காரணத்தைச் சொல்லிவிட்டார். “கரைவலைச் சூடைய அள்ளி அள்ளிப் போட்டா சூடு புடிக்காம என்ன செய்யும்?”

மீனை நிறுத்தினோம். பாலமுனையில் பிறந்த பூனைக்கு வெறுஞ்சோறு! முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பத்து நாளில் விலா எலும்பு தெரிந்தது. சொறி அப்படியே இருந்தது. மகளின் கணுக்காலிலும் சிவந்த தடிப்புகள் கண்டதும், பூனையைச் சந்தையில் கொண்டுபோய் விடச் சொன்னார் உம்மா. மகள் அதைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய் இருந்துகொண்டாள்.

தெள்ளாக இருக்குமோ என்று மயிரைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றையும் காணோம். இருந்தும், நாய்க்குரிய தெள்ளு மருந்தொன்றைப் ‘பூனைக்கும் போடலாம்’ என்று ஒரு கடையில் தந்தார்கள். அன்று அதைப் பூசாமல் விட்டது என் கெட்டித்தனமல்ல, மழை.

மறுநாள் மிருக வைத்தியர் பேன் சீப்பால் பூனையின் முதுகை வாரி, விழுந்த கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைக் கடதாசியில் தட்டினார். துகளைச் சுற்றிச் செம்மண் நிறம் கசிந்தது. தெள்ளின் எச்சம் அது. குடித்த இரத்தம்தான் அப்படிக் கரைகிறது. தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாத பூனைக்கு ஒன்றிரண்டு கடியே போதுமாம். கடித்ததை அதுவே நக்கி விழுங்கிவிடுவதால் நம் கண்ணுக்கு அகப்படுவதில்லை. மகளின் கணுக்காலைக் கடித்ததும் அதுதான். வட்டமாக மயிர் உதிர்ந்து செதில் கண்டால் படர்தாமரையைச் சந்தேகிக்க வேண்டும். காதுக்குள் கறுப்பு அழுக்கென்றால் காதுச் சிற்றுண்ணியை. மீன்தான் காரணமா என்றறிய, பூனை முன்பு தின்றிராத உணவை எட்டு வாரமாவது கொடுத்துப் பார்க்க வேண்டுமாம். எங்கள் பத்து நாள் பட்டினி ஒன்றையும் நிரூபிக்கவில்லை.

பையிலிருந்த நாய் மருந்தை எடுத்துக் காட்டினேன். பெர்மெத்ரின். பூனையின் ஈரலால் அதை முறையாக முறிக்க முடியாது. நடுக்கம் வரும், வலிப்பு வரும், செத்தும் போகும் என்றார். அதன் பிறகு நான் அதிகம் பேசவில்லை.

தெள்ளின் முட்டைகள் பூனையில் தங்குவதில்லை, உதிர்ந்துவிடும். பூனை படுக்கும் இடத்தைத் தேடினோம். மூலையில் சுருட்டி வைத்த உம்மாவின் பழைய பன்பாய். அதை எரித்தோம். துணிகளைக் கொதிநீரில் போட்டோம். பூனைக்கென்றே உள்ள மருந்தை மூன்று மாதம், மாதமொரு முறை, கழுத்துப் பிடரியில் விட்டோம்.

வாலடியில் மயிர் முளைத்த ஒரு காலையில், குசினிப் பக்கம் உம்மா சூடைத் தலைகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “மிஞ்சினதுதான்” என்றார்.