மலை பார்க்கணுமா? பகல் ரயிலைப் பிடிங்க!

போன முறை ராஜபாளையத்தில் இரவு ரயில் ஏறினோம். பாதி மலை இருட்டிலேயே போச்சு. பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. இந்த முறை பகலில் ஓடும் மதுரை - குருவாயூர் எக்ஸ்பிரஸ்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவோடு ஏறி, வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். தென்காசி வரை மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். ஆனால், செங்கோட்டை தாண்டினால்தான் அசல் விருந்து. பகவதிபுரம் தாண்டி குகை. வெளியே வந்தால் கேரளம். பிறகு, கழுதுருட்டி அருகே பதிமூன்று கண் பாலம். 1904-ல் ரயில் வந்த பாதை இது. அகலப்பாதையாகி 2018-ல் முழுமையாகத் திறந்தது. வண்டி மெதுவாகத்தான் போகும், நமக்கு நல்லதுதானே!

புனலூரில் இரவு தங்கல். காலையில், கல்லடா ஆற்றின் மேல் 1877-ல் கட்டிய தொங்குபாலம். திரும்புவதும் பகல் ரயிலிலேயே இருக்கட்டும். இப்போது மலை இடப்பக்கம்.