குடல்வால் கற்பித்த பாடம்

மஃரிபுக்குப் பின் நடைபெறும் மதரஸா வகுப்பில் ஒரு மாணவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிந்தான். பாடம் ஒப்புவிக்க மனமின்றிச் சாக்குச் சொல்கிறான் என்றெண்ணி, உட்கார்ந்து ஓதுமாறு பணித்தேன். அன்றிரவே அவனுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. குடல்வால் அழற்சி! இன்னும் தாமதித்திருந்தால் அது வெடித்து, சீழ் வயிறெங்கும் பரவியிருக்கும் என்று மருத்துவர் கூறினாராம்.

மூன்று வாரங்கள் கழித்து வந்தவன் கேட்டான்: "ஹஜ்ரத்! அல்லாஹ் எதையும் வீணுக்குப் படைக்கவில்லை என்று சொல்லித் தந்தீர்களே! என் குடல்வாலை வெட்டி எறிந்துவிட்டார்கள். அது இல்லாமலும் நன்றாகத்தானே இருக்கிறேன்?"

எனக்கு விடை கூற இயலவில்லை. கல்லூரியில் கலைப்பாடம் பயின்ற நான், அறிவியல் நூல்களைத் தேடிப் படிக்கலானேன்.

1893இல் ராபர்ட் வீடர்ஷைம் என்னும் ஜெர்மானிய உடற்கூறு அறிஞர், மனித உடலில் பழைய பயனை இழந்து எஞ்சி நிற்பவை என 86 உறுப்புகளைப் பட்டியலிட்டார். நெஞ்செலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பிக்கும் நெடுங்காலம் மதிப்பிருக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில், அது பருத்து மூச்சை அடைக்கிறது என்றஞ்சி, பச்சிளங் குழந்தைகளுக்கு எக்ஸ்ரே கதிர் பாய்ச்சி அதனைச் சுருக்கினர். அவர்களுள் சிலருக்குப் பின்னாளில் தைராய்டுப் புற்றுநோய் கண்டது. 1961இல்தான் ஜாக் மில்லர் என்னும் ஆய்வாளர், உடலின் நோய் எதிர்ப்பாற்றல் உருவாகத் தைமஸ் இன்றியமையாதது என மெய்ப்பித்தார்.

குடல்வாலிலும் நோயெதிர்ப்புத் திசுக்கள் நிறைந்துள்ளன. வயிற்றுப்போக்கில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அடித்துச் செல்லப்பட்டால், மீண்டும் குடலை நிரப்ப அவற்றைச் சேமித்து வைக்கும் களஞ்சியமாக அது இருக்கலாம் என்று 2007இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருத்துரைத்தனர்.

மாணவனை அழைத்துச் சொன்னேன்: "தம்பி, பயன் தெரியவில்லை என்பது வேறு, பயனே இல்லை என்பது வேறு. ஒற்றைக் கண்ணோடும் மனிதன் வாழ்கிறான். அதனால் மற்றொரு கண் வீணாகிவிடுமா? ஆனால் நோயுற்று உயிருக்கு உலை வைப்பதை, படைப்பின் பெயரால் உள்ளே வைத்திருப்பதும் மார்க்கமன்று. நோய்க்கு மருத்துவம் தேடுவது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி."

அவன் தலையசைத்தான். அன்று அவன் வலியைச் சாக்கென்று தள்ளியதற்காக அவனிடம் மன்னிப்பும் கேட்டேன்.

இப்பொழுதெல்லாம் எந்தப் பிள்ளையேனும் வயிறு வலிக்கிறது என்றால், பாடத்தை நிறுத்திவிட்டு முதலில் பெற்றோருக்குச் சொல்லி அனுப்புகிறேன்.