நரசாப்பூரில் ஒரு பூவைத் தேடி

மர்ஹூமா உம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு குரோஷா விரிப்பு இருந்தது, வாசகர்களே! நடுவே எட்டிதழ்ப் பூ, ஓரம் சிதைந்திருந்தது. "இது நரசாப்பூர் வேலை" என்றார் சென்னைக் கடைக்காரர் ஒருவர். ஓரத்தின் மாதிரியைத் தேடி ஆந்திரத்திற்கு இரயிலேறினேன்.

மேற்கு கோதாவரி மாவட்டத்து ஆற்றங்கரை ஊர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிமார் கற்றுக்கொடுத்த பின்னல், சுற்றுக் கிராமப் பெண்களின் கைத்தொழிலாயிற்று. நூற்கண்டும் கொக்கி ஊசியும் உடனே கிடைத்தன; பழைய மாதிரிப் புத்தகம்தான் எந்தக் கடையிலும் இல்லை. துண்டைக் காட்டினால் கண்ணிகளை எண்ணியே பின்னிவிடுவார்களாம். ஆயினும் பூவை ஒருத்தி பின்ன, ஓரத்தை வேறொருத்தி பின்ன, இணைப்பவள் இன்னொருத்தி! முழு விரிப்பும் அறிந்த கை அரிது.

மரியா மீஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1982-இல் இப்பெண்களைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். நாளெல்லாம் பின்னி ஏற்றுமதிக்குப் பொருள் தந்தவர்களை 'வீட்டில் சும்மா இருப்பவர்கள்' என்றே கருதி, அற்பக் கூலி கொடுத்ததை அதில் விளக்கினார். (நம் இல்லங்களிலும் புழங்கும் சொல்தானே இது?)

திண்ணையில் இருந்த மூதாட்டி ஒருவர் உம்மாவின் விரிப்பை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். பூவை அங்கேயே பின்னித் தந்தார். ஓரம் மட்டும் தமக்குத் தெரியாது என்று கூறி, அடுத்த தெருவைக் காட்டினார். நடந்தேன்.